வளவுக்கு மேலே எத்தனை ஜன்னல்

ஆச்சி கேட்டது மீட்டர் கணக்கை அல்ல. நான்தான் மீட்டரில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பங்காளிகள் பிரித்து விற்ற பழைய வீட்டு மனையில் அடுக்குமாடி வருகிறது; பிளான் என்னுடையது. வாகனம் நிறுத்தும் தரைத்தளம், மேலே ஐந்து மாடி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடம். தீயணைப்பு வண்டி சுற்றிவர நாலு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். காரைக்குடியின் நீண்டு ஒடுங்கிய மனைகளில் அப்படி விட்டால் கட்டுவதற்கு என்ன மிஞ்சும்? கோட்டுக்குக் கீழேயே நிறுத்தினேன். எவரும் அதைத்தான் செய்வார்கள்.

அடுத்த வீட்டு ஆச்சி வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பக்க இடைவெளியைக் காட்டினேன். "சுவருக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொள், தம்பி. நான் வளவில் உட்கார்ந்தால் மேலே எத்தனை ஜன்னல் தெரியும்?" வளவு என்பது செட்டிநாட்டு வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம்.

விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது, ஆச்சி என்றேன்.

சரியாகத்தான் இருந்தது. ஆனால் செட்பேக், அதாவது சுவரைச் சுற்றி விடும் இடைவெளி, என்பது காலியிடம் வீட்டுக்கு வெளியே இருக்கும் என்று நம்பி எழுதிய கணக்கு. இங்கே கட்டியவர்கள் வெளிச்சுவரை எல்லைவரை கொண்டுபோய், காற்றையும் வெளிச்சத்தையும் மழையையும் நடுவில் இறக்கினார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டுக்குத் திறப்பே மேலேதான். அங்கிருந்து பார்ப்பவனை எந்தப் பக்க இடைவெளி தடுக்கும்? 7 மீட்டரே விட்டிருந்தாலும், அதை ஈடுகட்ட இன்னும் சில மாடிகள் ஏறியிருக்கும், ஜன்னல்களும் கூடியிருக்கும். இந்த வாதம் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

மாடிப்படியையும் குளியலறைகளையும் ஆச்சி வீட்டுப் பக்கம் தள்ளலாமா என்று கட்டுநரிடம் கேட்டேன். "அதுதானே கிழக்கு? பால்கனி இல்லாமல் யார் வாங்குவார்?" என்றார். இரண்டாவது முறை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறொருவரிடம் வரையக் கொடுத்திருப்பார். அவர் வரைவதிலும் பால்கனி கிழக்கே பார்த்துத்தான் இருக்கும்.

அனுமதி வந்து, தூண்கள் எழும்பிவிட்டன. போன வாரம் ஆச்சியின் மகன் வெளியூரிலிருந்து அழைத்தார். புகார் சொல்லப்போகிறார் என்று நினைத்து விதி எண்களோடு தயாரானேன். அவர் கேட்டது, தங்கள் மனையில் எத்தனை வீடு வரும் என்று. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ. 2 என்பதுவரை அவரே தெரிந்துவைத்திருந்தார். ஆச்சிக்குத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். மனையின் அளவையும் தெருவின் அகலத்தையும் அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன்.