அப்பீலில் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளைக்கோ மருமகனுக்கோ நாடு கடத்தல் கேஸ் நடந்தால், "இந்த நீதிபதி மறுத்தால் என்ன, அப்பீலில் பார்க்கலாம்" என்று திருகோணமலையில் இருக்கும் வீட்டுக்காரர் தைரியமாக இருந்துவிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பயம் வருகிறது.

10 வருடம் அங்கே தொடர்ந்து இருந்து, நன்னடத்தையும் உள்ளவர், சில வகைக் குற்றத் தீர்ப்புகள் இல்லாவிட்டால், நாடு கடத்தலை ரத்துச் செய்யும்படி கேட்கலாம். அங்கே பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள துணைக்கு, பிள்ளைக்கு அல்லது பெற்றோருக்கு மிக அசாதாரணமான கஷ்டம் வரும் என்றும் காட்ட வேண்டும். இவ்வளவும் காட்டினாலும், கடைசியில் தருவதும் மறுப்பதும் குடிவரவு நீதிபதியின் தற்றுணிபு, அதாவது அவர் தன் மதிப்பீட்டில் எடுக்கும் முடிவு. அதை நீதிமன்றங்கள் தொடக்கூடாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்துவிட்டது, 2005இல் சட்டக் கேள்விக்கும் அரசியலமைப்புக் கேள்விக்கும் மட்டும் வழி விட்டார்கள்.

அப்புறம் 2022இல் பட்டேல் வழக்கு. இன்னது நடந்தது, இவர் சொல்வதை நம்பலாம், நம்ப முடியாது என்று குடிவரவு நீதிபதி முடிவெடுத்துவிட்டால், அது பிழையாகவே இருந்தாலும் இந்த வகை நிவாரணத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்ற முடியாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் (Supreme Court) 5-4 என்று தீர்ப்பளித்தது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது, ஒரு மனிதரின் குடும்பமே அந்த ஒரு ஆளின் நம்பிக்கையில் தொங்குகிறது. 2024இல் வில்கின்சன் வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் மூச்சு விட இடம் தந்தது. மகனுக்குக் கடும் ஆஸ்துமா உள்ள ஒரு டிரினிடாட்காரரின் கேஸ் அது. பதிவான உண்மைகள் அந்த "அசாதாரணக் கஷ்டம்" என்ற அளவுகோலை எட்டுகின்றனவா என்பது சட்டம் சார்ந்த கேள்விதான், அதை நீதிமன்றம் பார்க்கலாம் என்றார்கள்.

கவனியுங்கள், பதிவான உண்மைகள். முதல் விசாரணையில் பதியாத நோயும் பதியாத செலவும் மேலே போய்ச் சேராது. அதனால் இங்கிருந்து அனுப்ப வேண்டியதை இப்போதே அனுப்புங்கள். பிள்ளையும் கூட வர நேர்ந்தால் அந்தச் சிகிச்சை இங்கே கிடைக்குமா, கொழும்புக்கு அலைய வேண்டுமா, எந்த மொழியில் படிக்கும், வீட்டில் யார் உழைக்கிறார்கள், எல்லாம் வைத்தியரின் கடிதமாக, பாடசாலைக் கடிதமாக, கிராம உத்தியோகத்தர் கடிதமாக, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதியோடு லோயர் கையில் இருக்க வேண்டும்.

இறுதி உத்தரவு வந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள்தான். மனுப் போட்டதால் மட்டும் நாடு கடத்தல் நிற்காது, தடையுத்தரவைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.