போர்டிங் பாஸ் இல்லாமல் கருத்தரங்குக்குப் போய்வந்த கதை

ரயிலில் கருத்தரங்குக்குப் போய்வந்த செலவுப் பணம் ஒருவழியாக வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டது, பதிவு செய்தது எல்லாம் சுலபமாக முடிந்தவை. விமானம் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

ஏன் இந்த வீம்பு? அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 2019-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூட்டிய மாநாட்டுக்குச் சுமார் 28,000 பேர் போய்வந்ததில் ஏறக்குறைய 80,000 டன் கரியமில வாயு வெளியேறியது. தலைக்குச் சுமார் 3 டன். அதில் முக்கால் பங்கு, 8,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த 36 சதவீதத்தினர் கணக்கில் சேரும். கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, சரி. எனக்கு ஒரே கண்டத்துக்குள் பயணம், இரவு ரயிலும் இருந்தது.

செலவைத் தரும் எங்கள் நிறுவனத்தின் முன் அனுமதிப் படிவத்தில் 'மிகக் குறைந்த விமானக் கட்டணம்' என்று ஒரே ஒரு கட்டம். ரயிலுக்குக் கொஞ்சம் கூடுதல். "வித்தியாசத்தை நீங்களே போட்டுக்குங்க" என்றார் அலுவலர். விமான நிலையத்துக்கு டாக்ஸி, பெட்டிக் கட்டணம், ஓட்டலில் ஓர் இரவு எல்லாம் சேர்த்து எழுதிக் காட்டினேன். ரயில்தான் மலிவு! விமானக் கட்டணம் மணிக்கு மணி மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் அன்றே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரயிலில் கழியும் நாள் பணி நாளா விடுப்பா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை பிறகு செல்லாது.

அடுத்தது 'கார்பன் அளவு' கட்டம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பான் கரியமில வாயுவை மட்டும் கணக்கிடும். விமானம் வானில் விட்டுப்போகும் வெண்புகைக் கோடுகளால் பூமி கூடுதலாகச் சூடாவதையும் சேர்க்கும் கணிப்பான்களில் அதே பயணத்துக்கு எண் எங்கேயோ போய்விடுகிறது. எதைப் போடுவது என்று படிவத்தில் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் எதைப் போட்டாலும் கணிப்பானின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் படிவம் திரும்பி வரும். பதிவின்போது கட்டிய கார்பன் ஈட்டுக் கட்டணத்தை, அதாவது பயணப் புகைக்கு ஈடாக மரம் நடுவது போன்ற வேலைகளுக்குக் கொடுக்கும் பணத்தை, 'நன்கொடை' என்று அடித்துவிட்டார்கள். அது போனால் போகட்டும். பணம் கட்டிவிட்டால் மட்டும் போன புகை குறைந்துவிடுமா என்ன?

என்னோடு கட்டுரை எழுதியவர் இணையவழியில் பேசுவதாக ஏற்பாடு. நேரிலும் இணையத்திலும் கலந்துகொள்ளலாம், 'ஹைபிரிட்' என்று அறிவித்தவர்கள், அவர் முன்பே அனுப்பிய வீடியோவை ஓடவிட்டு, கேள்வி நேரம் தராமல் அடுத்தவரை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். இணையத்தில் சேர்பவர்கள் நேரலையில் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா, அந்த அமர்வு அவர்கள் ஊரில் எத்தனை மணி என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். முழுக்க இணையத்தில் நடத்தினால் கார்பன் 94 சதவீதம் குறையும் என்று 2021-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் இப்படி நடத்தினால் அடுத்த முறை அவரும் விமானம்தான் ஏறுவார்.

ஊர் திரும்பியதும் கணக்குப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி: "போர்டிங் பாஸ் எங்கே?" ரயிலுக்கு அது கிடையாது என்றேன். டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்து, "இது வாங்கினதுக்கு ரசீது. போனதுக்குச் சான்று?" என்றார். பரிசோதகர் செல்போனில் இருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததோடு சரி, காகிதத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

காப்பாற்றியது தாமதம்தான். திரும்பும் வழியில் ரயில் வெகுநேரம் பிந்தியதால் நிலையத்தில் தாமதச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். ரயில் எண், தேதி, முத்திரை எல்லாம் இருந்தன. முத்திரையைப் பார்த்ததும் அலுவலர் முகம் தெளிந்தது, திரும்பிய பயணம் பாஸ். போன பயணத்துக்கு, இருக்கை எண்ணோடு என் பெயரும் இருந்த முன்பதிவு மின்னஞ்சலைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு நீட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். செயலியில் இருக்கும் டிக்கெட் பயணம் முடிந்ததும் மறைந்துவிடலாம். ஏறும் முன்பே பிடிஎஃப் இறக்கி, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.