மலாக்கா: போர்த்துகீசியக் கோட்டை வாசலில் டச்சு முத்திரை

மலாக்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜோங்கர் தெருவில் செண்டோல் குடித்து, சிவப்புத் தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு டச்சுக்காரர் அடித்ததல்ல. 1753-இல் கட்டி முடித்தபோது சுவர் வெள்ளை. சிவப்பு பூசியது 1911-இல், ஆங்கிலேயர் காலத்தில்.

ஆற்றுப்பாலத்தில் தொடங்குவது நல்லது. 1511-இல் சுமார் 1,200 பேருடன் வந்த போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கி குறிவைத்தது இந்த ஆற்றின் மேலிருந்த மரப்பாலத்தைத்தான். ஒரு கரையில் சுல்தானின் அரண்மனை, மறுகரையில் கடைவீதி. பாலம் போனால் ஊர் இரண்டு துண்டு. முதல் தடவை பிடித்தும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்த முறை உயரமான ஜங்க் கப்பல் ஒன்றைக் கடல் ஏற்றம் பார்த்து ஆற்றுக்குள் தள்ளி வந்தார்கள். பாலத்தைவிட உயரத்திலிருந்து சுட முடிந்தது. ஆகஸ்ட்டில் ஊர் விழுந்தது.

அங்கிருந்து பத்து நிமிட நடை சாந்தியாகோ வாசல். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பிறகு மலைப்படிகளில் வெயில் தாங்காது. போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் மிஞ்சியது இந்த ஒரு வாசல்தான். மசூதியையும் அரச கல்லறைகளையும் பெயர்த்த கல்லும் இந்தக் கோட்டைக்குப் போனது. வளைவுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள்: 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் தெரியும். 1641-இல் பிடித்த டச்சுக்காரர் பழுதுபார்த்துத் தங்கள் முத்திரையைக் குத்திக்கொண்டார்கள். பலர் இதைக் கோட்டை கட்டிய ஆண்டு என்றே குறித்துக்கொண்டு போகிறார்கள். பிறகு ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1807-இல் அவர்கள் கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். ஊரைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் டச்சுக்காரருக்கு அரண் இருக்கக்கூடாது என்ற கணக்கு. கடல் எங்கே என்று தேடாதீர்கள். அன்று அலை காலடியில் அடித்தது. இன்று தூர்த்த நிலத்தில் வணிக வளாகங்கள்.

மலை மேலே, 1521-இல் எழுந்த தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. சுவரில் சாய்த்திருக்கும் ஆளுயர டச்சுக் கல்லறைப் பலகைகளைத் தொட்டுப் பார்க்கலாம். கம்பிவலை போட்ட குழியில்தான் 1553-இல் பாதிரியார் பிரான்சிஸ் சேவியர் உடல் சில மாதம் கிடந்தது. பிறகு கோவாவுக்குப் போனது.

கோட்டையை வைத்திருந்தாலே வணிகம் கையில் என்று போர்த்துகீசியர் நினைத்தது தப்புக்கணக்கு. அனுமதிச்சீட்டும் வரியும் கெடுபிடியானதும் முஸ்லிம் வணிகர்கள் சுமத்ராவின் ஆச்சேவுக்கு மாறிக்கொண்டார்கள். டச்சுக்காரருக்கோ தலைநகர் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா). மலாக்காவைக் காவல் நிலையமாகவே வைத்திருந்தார்கள்.

தமிழ் வணிகர்கள் தங்கிவிட்டார்கள். போர்த்துகீசிய ஏடுகளில் ‘நினா சட்டு’ என்று வருபவர் அல்புகெர்க்கிக்கு உதவி, பெண்டகாரா என்ற உயர் பதவி பெற்றார். 1514-இல் பதவி பறிபோனதும் தீக்குளித்தார். ஆற்றுக்கு அக்கரையில் துக்காங் எமாஸ் தெருவில் 1781-ஆம் ஆண்டின் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. நிலம் டச்சு ஆட்சி கொடுத்தது. கும்பிட வரும், அந்தத் தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளிடம் தமிழில் பேச்சுக்கொடுத்தால் பதில் பெரும்பாலும் மலாயில்தான் வரும்.