காற்றுக்குக் கதவு சாத்தப் போன அண்ணன்

பைக்கின் வேகமானி 90-ஐத் தொடும்போது பின்சீட்டிலிருந்து "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்று குரல் வரும். முன்னால் இருப்பவர் காதில் அது "கொஞ்சம் முறுக்குங்க" என்று விழும். முறுக்குவார். முதுகில் ஒரு குத்து விழுந்த பிறகுதான் விஷயம் விளங்கும். அடுத்த ஞாயிறு காலை அண்ணன் ஆக்சசரீஸ் கடை வாசலில் நிற்பார்.

"தம்பி, காத்துச் சத்தம் தாங்கல. இருக்கிறதுலயே பெரிய விண்ட்ஷீல்டா ஒண்ணு எடு."

"இதப் போடுங்கண்ணே, காத்தே தெரியாது."

தம்பி சொன்னதில் பாதி உண்மை. ஹேண்டிலுக்கு முன்னால் நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் தடுப்பைப் போட்டதும் நெஞ்சில் அறைந்த காற்று நின்றுவிடும். ஆனால் இப்போது, சம்பந்தி சொல்வதற்கெல்லாம் பெண்ணைப் பெற்றவர் தலையாட்டுவதுபோல் ஹெல்மெட் விடாமல் ஆடும். சத்தமும் முன்னைவிடக் கூடியிருக்கும்.

நேராக வரும் காற்று எவ்வளவு வேகமாக வந்தாலும் அவ்வளவு தொல்லை தராது. கலங்கிய காற்றுதான் தொல்லை. விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பில் கிழிபடும் காற்று சுழல் சுழலாகப் பின்னால் வரும். ஷீல்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைவாக இருப்பதால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று அந்தப் பள்ளத்தில் வந்து விழும். அந்தச் சுழல்கள் வரிசையாக வந்து ஹெல்மெட்டில் மோதுவதுதான் பஃபெட்டிங். ஷீல்டே இல்லாத நேக்கட் பைக்கில் கழுத்து வலிக்கும், நெஞ்சு தள்ளும், ஆனால் தலை சுத்தமான காற்றில் இருக்கும். ஷீல்டைக் கழற்றி வைத்ததும் சத்தம் குறைந்தது என்று சிலர் சொல்வது பொய் இல்லை.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஆளில்லாத நேர்சாலையில் 70, 80 வேகத்தில், ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றிச் சீட்டிலிருந்து ஒரு சாண் எழுந்து பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் தலை சுத்தக் காற்றுக்குள் போயிருக்கிறது, குற்றவாளி ஷீல்டு. பிறகு டேங்க் மேல் குனிந்து பாருங்கள். அங்கேயும் அமைதி என்றால், கலங்கல் பட்டை சரியாக உங்கள் நெற்றி மட்டத்தில் ஓடுகிறது. அதை மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும். எழுந்தாலும் குனிந்தாலும் அதே இரைச்சல் என்றால் ஹெல்மெட்டைச் சந்தேகப்படுங்கள்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க ஆசைப்பட்டால், பத்து சென்டிமீட்டர் கம்பளி நூல் துண்டுகளை ஷீல்டின் உள்பக்க விளிம்பில் டேப்பால் ஒட்டி, பக்கத்து வண்டியின் பின்சீட்டில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லலாம். நூல் பின்னோக்கி நேராகப் படுத்தால் நல்லது. சுற்றினால் கலங்கல். முன்னோக்கித் திரும்பி நின்றால் காற்று அங்கே தலைகீழாக ஓடுகிறது. சிக்னலில் பார்ப்பவர்கள் திருஷ்டி கழிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

மலிவான வைத்தியம் ஸ்பேசர் என்கிற தடித்த வாஷர்தான். ஷீல்டுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நான்கு இடத்திலும் 10 மில்லிமீட்டர் நைலான் ஸ்பேசர் வைத்து, அதே அளவு நீளம் கூடிய ஸ்க்ரூ போடுங்கள். அடியில் திறக்கும் இடைவெளி வழியாகக் காற்று புகுந்து பின்னாலுள்ள பள்ளத்தை நிரப்பும், சுழல் தளரும். மேல் ஸ்க்ரூக்களில் மட்டும் ஸ்பேசர் போட்டால் ஷீல்டு நிமிரும், காற்று உயரமாகப் போகும். கீழே மட்டும் போட்டால் ஷீல்டு சாயும், காற்று தாழ்ந்து வந்து தோளில் படும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

ஸ்க்ரூவை முறுக்குவதில்தான் நம்மவர்கள் வீரத்தைக் காட்டுவார்கள். ரப்பர் வாஷர் லேசாக நசுங்கினால் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும். ஷீல்டு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் ஸ்க்ரூ கழலாமல் இருக்கத் தடவும் த்ரெட் லாக்கரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதுவும் விரிசல் விட வைக்கும். பெட்ரோல், தின்னர் துடைப்பும் அப்படியே.

உயரத்துக்கு ஒரு கணக்கு: ஷீல்டின் மேல்விளிம்பு பார்வைக் கோட்டுக்குக் கீழே, மூக்கு மட்டத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். ராத்திரி மழையில் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாக எதிர்வண்டி ஹெட்லைட்டைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில வண்டிகளில் காற்று கீழிருந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் டேங்குக்கும் நடுவே ஏறி வரும். அட்டையை வெட்டி ஃபோர்க் ஓரம் தற்காலிகமாகக் கட்டிப் பார்க்கலாம். கிளம்பும் முன் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, அட்டை எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹெல்மெட்டில் சத்தம் நுழையும் பெரிய வாசல் தாடைக்குக் கீழே இருக்கிறது. அந்த இடைவெளியை மூடும் சின் கர்ட்டன் என்கிற திரை இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் கைக்குட்டையை முக்கோணமாக மடித்துக் கழுத்தில் சுற்றி, நுனியைச் சட்டைக்குள் செருகுங்கள். பைசா செலவில்லாமல் வித்தியாசம் தெரியும். அட்வெஞ்சர் ஹெல்மெட்டின் முன்கூரையைக் கழற்ற முடிந்தால் நெடுஞ்சாலையில் கழற்றிவிடுங்கள். விசில் மாதிரி கேட்டால் வென்ட் என்கிற காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிப் பாருங்கள். எதை மூடும்போது விசில் நிற்கிறதோ அதுதான். எதுவும் அகப்படாவிட்டால் ஜாக்கெட் ஜிப்பின் நாக்கைப் பாருங்கள்.

பக்கக்காற்று தனிக் கதை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் குமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகிறவர்களுக்கு உயரமான ஷீல்டு பாய்மரம்தான். முழங்காலால் டேங்கைப் பிடித்து, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறையுங்கள். லாரியின் மறைவில் காற்று நின்று, தாண்டியதும் பளாரென்று அறையும்.

இத்தனையும் செய்தாலும், 100 கிலோமீட்டர் வேகத்தில் முழு ஹெல்மெட்டுக்குள் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். இதற்கு மேல் இயர்போனில் பாட்டு வைத்து, பாட்டு கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுகிறவர்களை என்ன சொல்ல!

வேண்டியது நுரை இயர்பிளக். சாதாரண பஞ்சு ஏறக்குறைய வீண். பிளக்கை விரல்களுக்கு நடுவே மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சொந்தக் குரல் அடக்கமாக ஒலித்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஹார்ன் கேட்காதே என்று பயப்படுவார்கள். இரைச்சலும் சேர்ந்தே குறைவதால் ஹார்ன் கேட்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தேவையில்லை. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகி எடுங்கள். கெட்டியானதும் அழுக்கானதும் குப்பைக்கு.