உடன்பிறப்போடு ஒரு வால்ட்ஸ்

பள்ளி நடன விழாவில் கைகளை விறைப்பாக நீட்டி, தரையைப் பார்த்தபடி அசைந்தவர்கள் பலர். அவர்களுக்கு யாரும் நடன அடி சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். பெரிய விருந்தில் அக்காவோ தம்பியோ கூட இருந்தால் வால்ட்ஸ் என்னும் ஜோடி நடனத்தைப் பழக அதைவிட நல்ல துணை கிடையாது.

தாளம் மூன்று தட்டு. ஜோடியில் வழிநடத்துபவர் இடது காலை முன்னே வைத்து, வலதைப் பக்கவாட்டில் வைத்து, இடதை அதோடு சேர்க்க வேண்டும். அடுத்த மூன்றுக்கு வலது பின்னே, இடது பக்கவாட்டில், வலது சேரும். எதிரில் இருப்பவர் வலது காலைப் பின்னே வைத்துத் தொடங்குவார்.

பெரும்பாலும் மூன்றாவது தட்டில்தான் பிசகும். கால் சேரும், உடல் எடை அதற்கு மாறாது; உடனே தவறான கால் கிளம்பி துணையை மிதிக்கும். அடியைச் சின்னதாக வையுங்கள். நீள ஆடை என்றால் இன்னும் சின்னதாக. பார்வை துணையின் வலது தோளுக்கு மேல் இருக்கட்டும். வியன்னா வால்ட்ஸ் என்ற வகை ஏறத்தாழ இரு மடங்கு வேகம்; புதியவர்கள் அதற்கான பாட்டை விட்டுவிடலாம்.