கைப்பயிற்சிக்குத் தனி நேரம் எதற்கு?

பக்கவாதம் வந்த கைக்கு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தால் நாலு நாளில் அது மூலைக்குப் போய்விடும். அன்றாட வேலையோடு சேர்த்துவிட்டால் தப்பிக்க முடியாது! குழாயைத் திருகுவது, பொத்தான் போடுவது, ஈரத்துண்டைப் பிழிவது எல்லாமே பயிற்சிதான். என் ஓட்டு துணி கிளிப்புக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் அது திறக்கும்.

நல்ல கை முந்திக்கொண்டு வரும், விடாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் உருவாக்கிய சிகிச்சையில் அந்தக் கைக்கு உறையே மாட்டிவிடுவார்கள். (நீங்களாக மாட்ட வேண்டாம், தெரபிஸ்ட் சொல்லட்டும்.) திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை புது இணைப்புகளைப் பழகும்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும்போது விரல்களை விரித்து மடக்கலாம். கையில் உணர்ச்சி குறைவென்றால் சூட்டை மற்ற கையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனிருப்பவர்களே, ஒரு பொத்தானுக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் ஓடிப்போய்ப் போட்டுவிடாதீர்கள்.