தம்பியின் வழக்கு: நாட்குறிப்பிலிருந்து

பிப்ரவரி 11

கொலையான தம்பியின் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. வீட்டில் யாராவது ஒருவர் முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது, கோர்ட்டில் முதல்முறையாகக் காதில் விழுந்தால் தாங்காது என்றார் வக்கீல். அண்ணன் கவரைத் தொடவே இல்லை. நான்தான் படித்தேன்.

காயங்களின் பட்டியலுக்கு மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன். உடைந்தது வேறு இடத்தில். "இதயம்: 310 கிராம்." அதற்குக் கீழே நுரையீரல், கல்லீரல் என்று ஒவ்வொன்றுக்கும் எடை. அடையாளங்கள் என்ற தலைப்பில், "இடது முழங்காலில் பழைய தழும்பு." சுவரேறிக் குதித்ததில் வந்த தழும்பு அது. கீழே விழுந்தவன் அழாமல், அம்மாவிடம் சொல்லிவிடாதே அக்கா என்று என்னிடம் கெஞ்சினான். டாக்டருக்கு அது வெறும் அடையாளம்.

மார்ச் 20

வருகிறவர்கள் எல்லாரும் "மனசைத் தேத்திக்கணும்" என்கிறார்கள். ஒருவர் துக்கத்தின் ஐந்து படிகளை விளக்கினார். நாங்கள் இப்போது கோபத்தில் நிற்கிறோமாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதைச் சொன்னது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. கொலையானவனின் வீட்டுக்காரர்களை வைத்து அல்ல. சண்டை போடத் தெம்பில்லை, தலையாட்டினேன்.

அதன்பிறகு நானே தேடிப் படித்தேன். நீடித்த துக்கம் இப்போது ஒரு நோயாகவே பட்டியலில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 கணக்கில் குறைந்தது 6 மாதம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம். அதற்கு மேலும் அன்றாட வாழ்க்கை முடங்கிக் கிடந்தால் சிகிச்சை வேண்டும். சரிதான். ஆனால் எங்கள் வழக்கில் 12 மாதம் கழித்தும் முதல் சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த நாளுக்கே திரும்பிப் போகவேண்டியிருக்கிறது. ஆறுவதற்கு எங்கே இடம்?

மே 6

குறுக்கு விசாரணை. அப்பாவும் சாட்சி என்பதால், அவர் முறை வரும்வரை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். நல்லவேளை. "இறந்தவருக்குக் குடிப்பழக்கம் உண்டா? கடன் உண்டா? பெண்கள் சகவாசம்?" என்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலின் வேலை அதுதான், தெரியும். ஆனால் கூண்டில் நிற்கிறவன் சார்பில் பேச ஆள் இருக்கிறது. தம்பி சார்பில் பேச தம்பி இல்லை. அரசு வக்கீல் அரசுக்காகப் பேசுகிறார்.

மே 7

தம்பியை முதலில் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் சாட்சி சொன்னார். நேரம் என்ன, வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரம், இவ்வளவுதான் கேட்டார்கள். அம்மாவுக்குத் தெரியவேண்டியதை யாரும் கேட்கவில்லை: "புள்ள ஏதாவது சொன்னானா?" வெளியே வந்ததும் அவரை நோக்கி நடந்தவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். வழக்கு முடியும்வரை சாட்சியோடு பேசினால், சொல்லிக்கொடுத்தோம் என்று ஆகிவிடும்.

ஜூன் 18

ஐ.நா. பொதுச்சபை 1985-ல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு பிரகடனம் போட்டிருக்கிறது. குற்றவாளி பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் ஒருவர் பாதிக்கப்பட்டவர்தான், நெருங்கிய குடும்பத்தாரும் அதில் சேரலாம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும், வீண்தாமதம் கூடாது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதை ஒரு காப்பி எடுத்து வை" என்றார். அடுத்த வாய்தா தள்ளிப்போனது எங்களுக்குக் கோர்ட் வாசலில்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 7

குற்றவாளி என்று தீர்ப்பு. ஆயுள் தண்டனை. அண்ணன் போனை எடுத்து எல்லாருக்கும் சொன்னான். "முடிஞ்சது" என்றான் ஒவ்வொருவரிடமும். அவனுக்கு உண்மையிலேயே முடிந்தது என்றுதான் நினைக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. அப்பா தம்பியின் கைக்கடிகாரத்தைக் கேட்டார். அது சான்றுப்பொருள், அப்பீல் முடியும்வரை தரமாட்டார்கள். ஏன் செய்தான் என்று கூண்டில் நின்றவன் கடைசிவரை வாய்திறக்கவில்லை. குற்றத்தை மறுத்தவன் காரணத்தை எப்படிச் சொல்வான்?

செப்டம்பர் 2

அந்தச் சாட்சியோடு அம்மா பேச வக்கீல் அரைமனதாகச் சரி என்றார், அதுவும் தன் எதிரிலேயே. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் வந்தார். அம்மா கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்தார். "ஞாபகம் இல்லம்மா. போன்ல இடத்தைச் சொல்லிக் கத்திட்டிருந்தேன். அந்தப் பக்கம் புரியவே இல்ல. அவர் முகத்தையே நான் சரியா பாக்கல."

அவர் போனதும் அம்மாவுக்கு ஆத்திரம். "எத்தனை அடி தூரம்னு கோர்ட்ல சொல்லத் தெரிஞ்சுது, இது தெரியலையா?" ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. சொல்லியிருந்தால் அம்மா கண்டுபிடித்திருப்பாள்.

செப்டம்பர் 19

அவர்கள் அப்பீல் போட்டுவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். அண்ணன் இனி கோர்ட் பக்கம் வரமாட்டானாம், யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. நானும் அப்பாவும் போவோம். அந்த ஆம்புலன்ஸ் அழைப்பைப் பதிவு செய்திருப்பார்களா, அதைக் கேட்டுவாங்க முடியுமா என்று வக்கீலிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா. திங்கட்கிழமை கேட்கவேண்டும்.